ஏகமனதாக ஒரு தீர்மானம்

தேசியத் திருச்சபைப் பேரவையின் பெங்களூரு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக டைப் செய்கிறேன். இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கியே வாய் வலித்துவிட்டது. நாட்டிலுள்ள புராட்டஸ்டண்ட் சபைகள் இங்கே ஒரே மேஜையில் உட்காரும். பேரவை யாருக்கும் உத்தரவு போட முடியாது. கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அன்று செயற்குழுக் கூட்டம். மாடியில் பிஷப்மாருக்குக் காபி கொடுத்துவிட்டு இறங்கினால், வாசல் பலகையைப் பார்த்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் சீதாலட்சுமி, சந்தாபுராவிலிருந்து வந்திருந்தாள். பொம்மசந்திராவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ரவிக்குமார் முந்தின நாள் நெஞ்சுவலியில் போய்விட்டான். உடலைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் எடுத்தவன். போய்க்கொண்டிருந்தது ஒரு மாடிவீட்டு ஜெபக்கூட்டத்துக்கு. அதற்குக் கல்லறைத் தோட்டம் ஏது? தோட்டம் வைத்திருக்கிற மூன்று சபைகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். மூன்றிலும் அங்கத்தினர் கார்டு கேட்டு அனுப்பிவிட்டார்கள். எரித்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். தன்னை மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தானாம்.

“எல்லா சர்ச்சுக்கும் இதானே மேடம் ஹெட் ஆபீஸ்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கல்ல?”

இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. விஷயத்தை ஒரு தாளில் எழுதி மாடிக்குக் கொண்டுபோனேன். அந்த மூன்று சபைகளின் தலைவர்களும் அங்கேதான் இருந்தார்கள். நல்லவர்கள்தான், கேட்டதும் முகம் வாடியது. ஒருவர் தன் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். இன்னொருவர், இன்று ஒருவருக்குத் திறந்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்றார். மூன்றாமவர், மற்ற இருவரும் சரி என்றால் தானும் சரி என்றார். பூனைக்கு மணி கட்ட ஆளில்லை.

கடைசியில் எல்லாரும் எழுந்து ரவிக்குமாருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். கல்லறைத் தோட்டங்களைப் பகிர்ந்துகொள்வது பற்றி ஆராய ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஒன்று போட்டார்கள். ஏகமனதாகத் தீர்மானம். இதே தீர்மானத்தைப் பதின்மூன்று வருடத்துக்கு முன்னாலும் நான்தான் டைப் செய்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கீழே வந்தேன்.

என் சபையும் அந்த மூன்றில் ஒன்று. அங்கே அம்மாவின் கல்லறை இருக்கிறது. குடும்பக் கல்லறை என்றால் கார்டு கேட்க மாட்டார்கள், குடும்பத்தார் கையெழுத்து போதும். அம்மா போய்ப் பதினாறு வருடமாகிவிட்டதால் அந்தக் குழியைத் திறந்து இன்னும் ஒருவரை வைக்கலாம். ஒருவரை மட்டும். குடும்பம் என்று மிச்சமிருப்பது நான் ஒருத்திதான், அந்த இடத்தை எனக்கென்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஆயருக்கு ஃபோன் செய்தேன். நன்றாக யோசித்துக்கொள் கேரல் என்று இரண்டு தரம் சொன்னார். சம்மதக் கடிதத்தை டைப் செய்து கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் பக்கத்தில் படுக்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

சீதாலட்சுமி கடிதத்தை மெதுவாகப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கு, மேடம்?”

“எனக்குத்தான் கமிட்டி போட்டிருக்காங்களே,” என்றேன். “நீ கெளம்பும்மா. அஞ்சு மணிக்குள்ள அவர எடுக்கணும்.”