மருத்துவச்சியின் முகப்புத் தாள்

என் புருஷன் ஹெப்பிள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அச்சுக்காரர் சங்கத்து வழக்கப்படி, சங்கத்து ஆளின் விதவை அவன் கடையையும் அவன் பெயரில் பதிந்த புத்தகங்களையும் தொடர்ந்து நடத்தலாம். வெளியாளைக் கட்டிக்கொண்டால் எல்லாம் கையை விட்டுப் போய்விடும். ஆகையால் என்னைக் கேட்டு வந்த ஒரு ரொட்டிக்காரரையும் ஒரு தையல்காரரையும் உட்காரவைத்து, பீர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிட்டேன். லண்டனில் புருஷன் கிடைப்பான். செயின்ட் பால் கோயில் வளாகத்தில் கடை கிடைக்காது.

போன குளிர்காலத்தில் தபித்தா குரோல் ஒரு கட்டுக் காகிதத்தோடு அந்தக் கடைக்குள் வந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சி. பார்த்ததையெல்லாம் எழுதியிருந்தாள். பிரசவத்தைப் பற்றி நானும் ஏழெட்டுப் புத்தகம் விற்றவள்தான். அத்தனையும் ஆண்கள் எழுதியவை. அதில் ஒருவர் கல்யாணமே ஆகாத கல்லூரி வாத்தியார்.

தபித்தா எழுதியது வேறு மாதிரி இருந்தது. 'வலி வந்தவளைப் படு படு என்று அதட்டாதே. நடக்க விடு. சுற்றி நின்று அழுகிற மாமியாரைக் கஞ்சி காய்ச்ச அனுப்பு' என்று ஆரம்பித்தது. முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். எனக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இப்படி ஒருத்தி அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைப்பு ஓடியது.

"பேரைப் போட்டுடலாம்டி" என்றேன்.

"வேண்டவே வேண்டாம் டோர்கஸ் அக்கா. வலியில பொம்பளைங்க வாயில என்னென்னமோ வரும். புருஷன் பேரு வரும், புருஷன் இல்லாதவன் பேரும் வரும். இவ எழுதுறவள்னு தெரிஞ்சா எந்தப் பெரிய வீட்டுல என்னைக் கூப்பிடுவாங்க?"

அவள் பிழைப்பு அது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முகப்புத் தாளில் 'அனுபவமுள்ள ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டோம்.

அப்புறம் நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர. புத்தகம் என்றால் முதலில் சங்க மண்டபத்துக்குப் போய்ப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் முகப்புத் தாளைத் தனியாக நூறு அடித்துத் தெருத்தெருவாகத் தூண்களில் ஒட்ட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வரிசை இது. சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போனபோது குமாஸ்தா ஊரில் இல்லை, திங்கள்கிழமை வரச் சொன்னார்கள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தாள்களை ஒட்டச் சொல்லிவிட்டேன்.

திங்கள்கிழமை குமாஸ்தா பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் புத்தகத்தின் தலைப்பு, தூணில் ஒட்டியிருந்தபடி ஒரு சொல் விடாமல், அன்று காலையிலேயே ஏறியிருந்தது. பதிந்தவர் ஒபதியா ஸ்டிரட். வளாகத்தில் எனக்கு நேரெதிர்க் கடைக்காரர். பதிவேட்டில் எவர் பெயரோ அவருடையதுதான் புத்தகம். நான் அச்சடித்து அடுக்கியிருந்த தாள்களெல்லாம் இனி மீன் கட்டத்தான் ஆகும்.

நேரே அவர் கடைக்குப் போனேன். ஸ்டிரட் ஆட்டுக்கறிப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

"கேக்கை மேசையில வச்சுட்டுக் கதவைத் திறந்துபோட்டா, அது நாயோட தப்பாம்மா?" என்றார்.

"நாய்னு நீங்களே சொல்லிக்கிட்டீங்க. நான் சொல்லல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜெயித்தவருக்குக் கோபம் ஏது? அந்தத் தலைப்புக்கு ஏற்றாற்போல நாலு பழைய புத்தகத்தை வெட்டி ஒட்டித் தர, சாராயக் கடையில் ஒருவனைப் பிடித்திருப்பதாக அவரே சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. கையை விட்டுப் போகிற புத்தகத்துக்காக மட்டுமில்லை. அந்தக் குப்பையை நம்பி எவளாவது பிரசவம் பார்க்கப் போகிறாளே என்று.

சங்கத்தில் முறையிட்டேன். வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். தபித்தாவும் கூட வந்தாள். கேட்டவர்களிடம் என் சித்தி மகள் என்று சொல்லி ஒரு மூலையில் உட்காரவைத்தேன்.

நீளமான மேசை. அதைச் சுற்றிப் பன்னிரண்டு பெரிய மனுஷர்கள். ஸ்டிரட் எழுந்து நெஞ்சில் கைவைத்து, அந்த அனுபவமுள்ள பெண்மணி தனக்குத்தான் பிரதியை விற்றாள், ஹெப்பிள் விதவை அதைத் திருடி அச்சடித்துவிட்டாள் என்று சொன்னார். திருட்டுப் பட்டத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

"அந்த அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"ரொம்பக் கூச்ச சுபாவம், ஐயா. நாலு ஆம்பளைங்க முன்னாடி நிக்கமாட்டாங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க எழுத்தாளர் யாரும்மா?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், ஐயா."

"அப்படின்னா ரெண்டு பேருகிட்டயும் ஆள் இல்ல. பதிவேட்டுல ஸ்டிரட் பேரு இருக்கு. அதுவே இருக்கட்டும்."

நான் மூலைப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் கண்ணாலேயே காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று பயம். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எனக்குக் கூச்சமெல்லாம் இல்ல, ஐயா. எழுதினவ நான்தான். இந்த மனுஷனை இன்னைக்குத்தான் முதல்முதலாப் பாக்குறேன்."

ஸ்டிரட்டுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான். வாய் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

"நீதான் எழுதினேன்னு எப்படிம்மா நம்புறது?" என்றார் தலைவர். முகப்புத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "கால் முதலில் வருகிற பிள்ளையைப் பற்றி இதுல போட்டிருக்கு. அதுக்கு என்ன செய்யணும்?"

தபித்தா சொல்ல ஆரம்பித்தாள். எதையும் மறைக்காமல், கையை எங்கே வைக்க வேண்டும், எப்படித் திருப்ப வேண்டும் என்று காற்றிலேயே செய்து காட்டினாள். பன்னிரண்டு பேரில் நாலு பேர் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் தன் செருப்பு வாரைக் குனிந்து குனிந்து சரிசெய்தார். தலைவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, "போதும், போதும்" என்றார்.

"இதை எந்த மருத்துவச்சியும் சொல்லுவா" என்று ஸ்டிரட்டுக்குக் குரல் திரும்பியது. "இப்படிச் செஞ்ச வீடு ஒண்ணு, ஒரே ஒரு வீட்டுப் பேரைச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள் தபித்தா. "என்னை நம்பி உள்ள விட்ட வீடு. புத்தகத்துலயும் ஒரு வீட்டுப் பேர்கூடக் கிடையாது. தேடிப் பாருங்க."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேசையின் கடைசியில் லம்லி என்று ஒரு அச்சகக்காரர் இருந்தார், அதிகம் பேசாதவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீடு ஒண்ணு இருக்கு. போன வருஷம் பிப்ரவரி மாசம். கால்தான் முதல்ல வந்துச்சு. இவதான் விடிய விடிய கூட இருந்தா. என் பொண்டாட்டி தூங்கினப்புறம் சன்னல் பக்கத்துல உக்காந்து என்னமோ எழுதிட்டிருந்தா. என்னன்னு கேட்டேன். அடுத்தவளுக்கு உதவும்னு சொன்னா. ஆத்தாளும் பிள்ளையும் சௌக்கியமா இருக்காங்க."

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டிரட் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது. அதன் கீழே என் பெயர் ஏறியது.

"எழுதினவர்?" என்று குமாஸ்தா பேனாவைத் தூக்கினார்.

"தபித்தா குரோல். மருத்துவச்சி" என்றாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

முகப்புத் தாளைப் புதிதாக அடித்தோம். இந்தத் தடவை பெயரோடு. புத்தகம் நன்றாகவே போனது. தபித்தா பயந்ததும் நடந்தது. இரண்டு பெரிய வீடுகள் இனி வரவேண்டாம் என்று ஆள் அனுப்பின. மூன்றாவது வீடு ஆள்கூட அனுப்பவில்லை. வேலை இல்லாத நாட்களில் என் கடைக்கு வந்து அச்சடித்த தாள்களை மடித்துக் கொடுப்பாள். எனக்கு மனசு அறுத்தது. என் அவசரத்துக்கு அவள் தண்டம் கட்டுகிறாளே என்று அவளிடமே சொன்னேன்.

"விடுக்கா. பேரைப் பாக்கப் பாக்க எனக்கே நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

மே மாதம், ஒரு மதியம். இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டிரட்டின் மனைவி வாசலில் வந்து நின்றாள், தலையில் குல்லாய்கூட இல்லாமல்.

"எம் பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு. ரெண்டு மருத்துவச்சி வந்தாச்சு, ரெண்டு பேரையும் உள்ள விடமாட்டேங்குறா. அப்பாவுக்குத் தெரியாம உங்க புத்தகத்தை வாங்கித் தலைகாணிக்கடியில வச்சுப் படிச்சிருக்கா. எழுதினவங்களே வரணுமாம்."

தபித்தா ஏற்கெனவே கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தண்ணி எப்ப உடைஞ்சுது?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை ஓரமாக இழுத்தேன். "அந்த ஆள் வீட்டுக்காடி போற?"

அவள் ஏப்ரன் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையா அக்கா நம்ம புத்தகத்தைத் திருடிச்சு?"

கடையைப் பூட்டினேன். தபித்தாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டிரட் வீட்டுக்கு அவளோடு நடந்தேன்.