அரிசி அவியாத ஆவணி

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணி மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அரிசி அவிய மறுத்தது. உலை கொதித்தது, மூடி ஆடியது, ரைஸ் குக்கரும் வேலை முடிந்ததென்று சொடுக்கிட்டு நின்றது. திறந்து பார்த்தால் அரிசி போட்டபடியே கிடந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒன்றைக் கடித்துப் பார்த்த தியாகலிங்கத்தாருக்கு ஒரு பல் போனது. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எதிலும் முந்திக்கொள்வது அவருடைய சுபாவம்.

முதலில் பிளாசாக் கடைக்காரனைத் திட்டினார்கள். அவன் அதே மூட்டையிலிருந்து ஒரு சுண்டு அரிசி எடுத்துக் கடைக்குள்ளேயே சமைத்துக் காட்டினான், பூப்போல அவிந்தது. அந்தச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். லிப்டில் ஏறியதும் அது மறுபடி அரிசியானது. நிர்வாகம் குழாய்த் தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்பியது, தண்ணீரில் குற்றமில்லை. சனங்கள் பேக்கரிப் பாணுக்கு மாறினார்கள். பிள்ளைகள் பீட்சா கிடைக்கிறதென்று சந்தோசப்பட்டார்கள். ஐந்தாம் மாடி யோகமலருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலமான அவளுடைய கணவன் இரத்தினவேலின் முதல் வருச ஆட்டைத்திவசம் நெருங்கிவிட்டது, ஐயருக்கும் சொல்லியாயிற்று.

“சோறில்லாமல் என்னத்தைப் படைக்கிறது? உயிரோட இருக்கேக்கையே அந்த மனுசன் பாணைத் தொடாது” என்று லிப்டில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஏழாம் மாடி ஜலீலா. கொழும்பில் பிறந்தவள், தாய் மலாய்க்காரி. அதனால் அதே மாடியில் தனியாக இருந்த வயதான இந்தோனேசியப் பெண் சுமியாத்தியோடு அவளால் பேச முடிந்தது. அந்த ஆவணியோடு இந்தோனேசியா விடுதலையை அறிவித்து ஐம்பது வருசம். நகரத்தில் மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள், போராடிய ஆண்களை மேடையேற்றி மாலை போட்டார்கள். தானும் அந்தப் போரில் நின்றவள் என்று சுமியாத்தி வாசலில் சொன்னபோது, ஒருவன் மிகுந்த மரியாதையோடு அவளுக்குச் சமையலறைக்கு வழி காட்டினான். அவள் போய்ப் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு பஸ் பிடித்து வந்து படுத்துக்கொண்டாள். அரிசி மாறாட்டம் பண்ணத் தொடங்கியது மறுநாள் காலையில்.

இதைக் கேட்டதும் தியாகலிங்கத்தாருக்கு வழி துலங்கிவிட்டது. நம்மவருக்கு எந்த நோய்க்கும் மருந்து பொன்னாடைதான். கீழ்த்தளத்து மண்டபத்தில் கூட்டம் வைத்து சுமியாத்திக்குச் சரிகைப் பொன்னாடை போர்த்தி, பல் போன வாயால் நெடுநேரம் பேசினார். உலகத்து விடுதலை வீரர்களைப் பற்றியும், இடையிடையே தன்னைப் பற்றியும் பேசினார். சுமியாத்தியை ‘இந்த அம்மா’ என்றதோடு சரி, பெயரைச் சொல்ல மறந்துபோனார். அன்று மாலையும் கட்டடம் முழுக்கப் பாண்தான்.

திவசத்துக்கு முதல் நாள் யோகமலர் அரிசியும் சட்டியுமாக ஏழாம் மாடிக்குப் போனாள். ஜலீலாவும் கூடப் போனாள்.

“அன்ரி, உங்களுக்கு எங்களில என்ன கோவம்? நாளைக்கு அவருக்குப் படைக்கோணும்” என்றாள் யோகமலர்.

கோபமே இல்லை, நானும் பாண்தான் தின்கிறேன், அரிசி என் சொல்லையும் கேட்பதில்லை என்றாள் சுமியாத்தி. ஜலீலா அதைத் தமிழில் சொன்னாள். பிறகு சுமியாத்தி தானாகவே பழையதைச் சொல்லத் தொடங்கினாள். ஊர்ப் பொதுச் சமையற்கட்டில் அவளோடு இன்னும் நாலு பெண்கள். விடியமுன் சோறாக்கி வாழையிலையில் கட்டி, கூடையின் அடியில் துப்பாக்கி ரவைகளை ஒளித்து, வயல் வரம்பால் நடந்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒருத்தி வரம்பிலேயே சுடுபட்டுச் செத்தாள். அந்தச் சோற்றைத் தின்றவர்களின் பெயர்கள் பிறகு தெருக்களுக்கு வைக்கப்பட்டன.

யோகமலருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஒழுங்கையிலும் இயக்கப் பொடியள் சைக்கிளில் வந்து சோற்றுப் பார்சல் சேர்த்துக்கொண்டு போவார்கள். வருசக்கணக்காக ஆக்கிக் கட்டியவள் அவள். வாசல்வரை தூக்கிப்போய்க் கொடுத்தது இரத்தினவேல். ரொறன்ரோவில் எந்தக் கலியாண வீட்டிலும் அவர் சொல்வது, “பொடியளுக்கு நான்தான் சோறு போட்டனான்.” அதை நினைத்து முதலில் சிரித்தாள், பிறகு சுமியாத்தியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அன்ரி, உங்களோட சமைச்ச மற்றப் பொம்பிளையளின்ர பேரென்ன?”

ஐம்பது வருசத்தில் ஒருவரும் சுமியாத்தியிடம் இதைக் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் தடுமாறி, விரல் மடித்துச் சொன்னாள்: பைனெம், துகினா, சுதினெம், ருக்கியா. யோகமலர் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்னாள், சுமியாத்தியின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அரிசியை உலையில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சோற்று மணம் ஏழாம் மாடியிலிருந்து படியிறங்கிக் கீழே வந்தது. மறுநாள் இரத்தினவேலுக்குக் குறையில்லாமல் படைத்தார்கள், ஐயர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் உலையில் அரிசி போடும்போது ஐந்து பெயர்களையும் சொல்வது வழக்கம். சொல்ல மறந்தால் அன்றைக்குப் பாண்தான். புதிதாகக் குடிவருபவர்களுக்கு, குப்பை எங்கே போடுவது என்பதோடு இதையும் சொல்லிவிடுவோம். மூன்று வருசம் கழித்து மகன் வந்து சுமியாத்தியைப் பிறம்ரனில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான், பெயர்கள் போகவில்லை.

அதற்கடுத்த திவசத்தன்று யோகமலர் வழமையான ஐந்தையும் சொன்னாள். பிறகு தன் ஒழுங்கையில் சோற்றுப் பார்சல் கட்டிய பெண்களான அன்ரனெற்றையும் கிளடிசையும் சொன்னாள். சுவரில் மாலையோடு இருந்த இரத்தினவேலை ஒருதரம் பார்த்துவிட்டு, கடைசியாகத் தன் பெயரையும் சொன்னாள். அன்றைக்குச் சோறு வழமையைவிட வேளைக்கே அவிந்துவிட்டது.