லேட்டு அக்காவின் சிரிப்பு

அந்த வீட்டு மாடிப்படி எட்டாவது படியோடு நின்றுவிடும். மாடிக்கே போகாத மாடிப்படியில் ஒரு குடும்பம் இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் ஏறி இறங்கியது, ஊரே பார்த்துச் சிரித்தது, ஒருத்தருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜுக்குள் எந்நேரமும் லைட்மேனின் சட்டை தொங்கும். அப்பாவாக நடித்தவருக்கு மீசை சொந்தம், தலைமுடிதான் ஒட்டினது. சோபாவுக்கு மூன்று கால்தான். நாலாவது காலுக்கு பழைய வசனக் காகிதத்தைக் கட்டி முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட சமாசாரங்களைச் சேகரிக்கிறதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த டிவி நாடகத்தை மறுபடியும் எடுக்கிறார்கள் அல்லவா, அதற்கு முன்னால் தினம் ஒரு துணுக்கு போட்டு ஜனங்களை உசுப்பேற்ற வேண்டுமாம். அதனால் அவளுக்குப் பெயரே துணுக்கு என்றாகிவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

துணுக்கு ஒரு நாள் காது சாரிடம் வந்து நின்றாள். காது சார் என்றால் ஒலிப்பதிவு செய்கிறவர். பழைய நாடகத்துக்கும் அவர்தான், புதுசுக்கும் அவர்தான். அடுத்த தெருவில் பாத்திரம் விழுந்தால் அது தட்டா மூடியா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். காது அப்படி. வாய்தான் எப்போதாவது திறக்கும்.

"சார், அந்த லேட்டு அக்கா யாரு சார்?"

நாடகத்தில் ஒவ்வொரு ஜோக்குக்கும் கூட்டம் சிரிக்கும் சத்தம் வருமே, அதில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு பெண் மட்டும் தனியாகச் சிரிப்பாள். 'க்ளுக்' என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, ஒரு விக்கலில் போய் முடியும். பாவம், ஜோக் புரிய அவளுக்கு நேரமாகிறது என்று ரசிகர்கள் லேட்டு அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபோனில் அழைப்பு மணியாகக்கூட அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

"யாரோ பார்க்க வந்தவங்கம்மா," என்றார் காது சார்.

"இருநூறு வாரத்துக்கு மேல ஒரே ஆளு, ஒரே விக்கலா? எனக்கே காது குத்தறீங்களே சார்!"

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்து, மறுபடியும் பிரித்து, மறுபடியும் சுற்றினார். பிறகு சொன்னார்: "என் வீட்டுக்காரிம்மா."

அவ்வளவுதான், துணுக்கு பிடித்துக்கொண்டாள். நடந்தது இதுதான். நாலாவது வாரம் படப்பிடிப்பு. பார்வையாளர்களுக்கு எண்பது நாற்காலி போட்டிருக்கும். காது சாரின் மனைவி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்தாள். சிரித்தாள். அன்றைக்கு டேப்பைப் போட்டுக் கேட்டவர் அசந்துபோனார். எழுபத்தொன்பது பேர் சிரிப்பு ஓசி டிக்கெட்டுக்குச் சிரித்த சிரிப்பு, இது ஒன்றுதான் நிஜம். அதை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எந்த வாரம் ஜோக் சோடை போனாலும் அதைத் தூவிவிடுவார், நாடகம் பிழைத்துக்கொள்ளும். இரண்டே முக்கால் விநாடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த அளவைச் சொல்லுவார்.

விஷயம் இயக்குநரிடம் போய்விட்டது. இயக்குநர் யார் என்றால், பழைய நாடகத்தில் கடைக்குட்டியாக நடித்த பையன்தான். இப்போது வழுக்கை. "காது அங்கிள், ஆன்ட்டியை முதல் நாள் ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டு வாங்க. அதே சீட்டு, அதே சிரிப்பு. புதுசா எடுத்துடலாம். ஜனங்க கொண்டாடிடுவாங்க!" என்றான்.

கூட்டிக்கொண்டு வா என்றால்? ஆன்ட்டி வீட்டில் இருந்தால் அல்லவா கூட்டிக்கொண்டு வர!

ஏழு வருஷமாயிற்று. மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்குப் போனவள் திரும்பவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. குழந்தை தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டாள். இவரும் கேட்பதை விட்டுவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பண்ண ஒரு விஷயம் இருக்கும். ஒன்றுமே இல்லாததை எந்த மூலையில் பிடித்து இழுப்பது? வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தமும் குழாய் சொட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. இவர் காதுக்கு இரண்டும் பூதாகாரமாகக் கேட்டன. குழாயைச் சரிபண்ணலாம்தான். சரிபண்ணினால் அதுவும் போய்விடும் என்று விட்டுவைத்திருந்தார்.

ஃபோன் பண்ணினார். நாடகம், சீட்டு, சிரிப்பு என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

"வர்றேன்," என்றாள். "எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டை ஒட்டடை அடித்தார். படுக்கைக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டார். குழாயைக்கூடச் சரிபண்ணிவிட்டார். நாடகம் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன? படப்பிடிப்பு முடிந்ததும் அவள் பக்கத்தில் போய் நின்று, "வீட்டுக்கு வந்துடேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். மறுபடி சொல்லிப் பார்த்தார்.

புது ஸ்டூடியோ பழசு மாதிரி இல்லை. அந்தக் காலத்தில் காது சார் செட்டுக்குப் பக்கத்தில், தரையிலேயே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது அவருக்கு நாற்காலிகளுக்குப் பின்னால், உயரத்தில், ஒரு கண்ணாடி அறை. மிஷினும் புதுசு. அதைப் பொருத்த வந்தவர்கள், "சார், இதுவே தன்னால சத்தத்தை ஏத்தி இறக்கிக்கும், பக்கத்துல ஆளே வேண்டாம்," என்றார்கள். "மிஷினுக்குக் காது இருக்கா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டார். நாற்பது வருஷம் தன் விரலால் ஏற்றி இறக்கியவரிடம் போய் யார் என்ன சொல்வது?

மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலிக்கு நேர் மேலே தனியாக ஒரு மைக் தொங்கவிட்டார். அது அவர் ஹெட்போனுக்கு மட்டும் வரும்.

அவள் வந்தாள். முடி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. வாசலுக்குப் போய் வரவேற்க வேண்டியவர் என்ன செய்தார் தெரியுமா? மைக் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். துணுக்கைத்தான் அனுப்பினார். அட, ஏழு வருஷம் கழித்து வருகிறவளை அழைத்துவர ஆளா அனுப்புவது! அவள் உட்காரும் முன் ஒரு தரம் செட்டின் பக்கம், அவர் பழையபடி இருக்கக்கூடிய இடத்தைத் தேடினாள். அங்கே ஒரு பூந்தொட்டிதான் இருந்தது. துணுக்கு பின்பக்கம் மேலே கையைக் காட்டினாள். அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் விளக்கு பட்டுப் பளபளத்ததே தவிர ஆள் தெரிந்திருக்காது. இவர் கையை ஆட்டினார். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காட்சி இது: ஓசிச் சோறு சாப்பிடும் மாமா கோபித்துக்கொண்டு பெட்டியோடு மாடிப்படி இறங்கி வருவார், யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தால், குடும்பமே சேர்ந்து அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கும். ஏழு நிமிஷம், நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். அப்பாவாக நடிப்பவருக்கு வயசாகிவிட்டது, வசனம் மறக்கிறது. ஐந்து தரம் எடுத்து ஐந்தும் பாழ். ஐந்து தரமும் கூட்டம் சிரித்தது. ஐந்து தரமும் அந்த மைக்கில் மூச்சுக்காற்றுதான் வந்தது. லேட்டு அக்கா சிரிக்கவே இல்லை.

இன்டர்காமில் இயக்குநர் கேட்டான். "அங்கிள், ஆன்ட்டி சிரிச்சாங்களா?"

"வரும்," என்றார்.

ஆறாவது தரம். அப்பா தடுமாறாமல் பேசுகிறார். மாமா இரண்டாவது படியில் வழுக்கி, சமாளித்து, அதையே ஜோக்காக்கிவிட்டார். இதுதான் அந்த டேக் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காது சாரின் விரல் சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பில் இருந்தது. அப்போது ஹெட்போனில் அவள் குரல் வந்தது. மெதுவாக, உதடு அசையாமல் பேசுகிற குரல்.

"என்னங்க, கேக்குதா? எனக்கு மேல தொங்குறது உங்க மைக்தானே. இதுல பேசினாத்தான் உங்க காதுல விழும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் நிமிர்ந்தார். கீழே அவள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. இங்கிருந்து பதில் பேச வழியில்லை. மைக் அங்கிருந்து இங்கேதான் வரும், இங்கிருந்து அங்கே ஒன்றும் போகாது.

"அன்னைக்கு நான் ஜோக்குக்குச் சிரிக்கலைங்க. அது என்ன ஜோக்குன்னே எனக்கு ஞாபகமில்லை. இவங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, நீங்க ஒருத்தர் மட்டும், ஓரத்து நாற்காலியிலேர்ந்து பாதி மூஞ்சி தெரியும், அதை உம்முனு வச்சிக்கிட்டு, தொடையில விரலால தட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அவங்க சிரிப்பை எண்ணிட்டிருந்தீங்க. எண்ணி முடிச்சதும் சரியா இருக்குன்னு தலையை வேற ஆட்டினீங்க. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. அதான் லேட்டு."

செட்டில் அம்மா பெட்டிக்குள் மாமாவின் செருப்பை வைத்தாள். கூட்டம் வெடித்தது. அவர் விரல் தன்னால் நெம்பை இறக்கியது.

"ஒரு தரம் திரும்பிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். யாரு சிரிக்கிறா, எதுக்குச் சிரிக்கிறான்னு. நீங்க மிஷினைத்தான் பார்த்தீங்க. வீட்டுலயும் அப்படித்தான். சொல்ல வாயெடுத்தா ஹெட்போனை மாட்டிக்குவீங்க. நானும் இருபது வருஷம் உங்க முதுகைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை, என்ன பண்றது? இன்னைக்குப் பாருங்க, கண்ணாடிக்குப் பின்னாடி போயிட்டீங்க. அந்த முதுகும் போச்சு."

கைப்பையைத் திறக்கும் சத்தம் வந்தது. "நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறுக்குத்தான். நீங்க கீழ வந்தா ஆறு மணிக்குப் போறேன். இல்லைன்னா இப்பவே கிளம்பறேன்."

எழுந்து போயேன் மனுஷா! பதினாலு படி இறங்கினால் தரை. அவருக்கும் அதுதான் வேண்டும், கண் கலங்கி எதிரே இருந்த விளக்கெல்லாம் நீண்டு தெரிந்தது. ஆனால் விரல் நெம்பை விட்டு வரவில்லை. இன்னும் மூன்று நிமிஷம்தான். இப்போது விட்டால் சத்தம் பிசகும், டேக் போகும், அப்பாவாக நடிக்கும் அந்தக் கிழவர் இன்னொரு தரம் வசனம் சொல்லமாட்டார். இது மட்டும் முடியட்டும், இதோ, இது மட்டும். வாழ்நாள் பூராவும் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டது அதுதான்.

ஹெட்போனில் நாற்காலி கிறீச்சிட்டது. புடவை உரசும் சத்தம். செருப்புச் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எண்ணினார். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"கட்!" என்று கத்தினான் இயக்குநர். கூட்டம் கைதட்டியது. காது சார் ஹெட்போனைக் கழற்றாமலே பாய்ந்தார், வயர் இழுத்தது, பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கினார். ஓரத்து நாற்காலி காலி. வெளியே ஓடினார். தெருவில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

திரும்பி வந்தபோது துணுக்கு கண்ணாடி அறையில் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இது காலையிலேர்ந்து ஆட்டோவுலதானே இருக்கு? இந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா நாம ஒண்ணும் தொட வேண்டாம்னாங்களே. தொட்டாலும் எடுத்துக்காதாம்."

அவர் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தார். நெம்பை ஏற்றினார், இறக்கினார். சத்தத்தின் அளவு காட்டும் முள் அசையவில்லை. ஐந்து தரமும் அசைந்திருக்காது, ஆறாவது தரமும் அசைந்திருக்காது. உலகத்தையே தாங்கிப் பிடித்த மாதிரி அவர் பிடித்துக்கொண்டிருந்த நெம்பு, எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்ட்டி எங்க? சிரிப்பு வந்துச்சா அங்கிள்?" இயக்குநர் எட்டிப் பார்த்தான்.

"வந்துச்சு," என்றார்.

பழைய டேப்பிலிருந்து அந்த இரண்டே முக்கால் விநாடியை எடுத்து, தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தார். நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒளிபரப்பானது. துணுக்கு முந்தின நாளே எழுதிவிட்டாள்: 'இருபத்திரண்டு வருஷம் கழித்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அதே மாதிரி சிரித்தார் லேட்டு அக்கா!' ஆயிரக்கணக்கான பேர் ரசித்தார்கள். அக்கா குரல் கொஞ்சமும் மாறலையே என்று ஒருத்தர் ஆச்சரியப்பட்டிருந்தார்.

காது சார் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். குழாய் சொட்டவில்லை. மாமா வழுக்கினார், அம்மா செருப்பை வைத்தாள், கூட்டம் சிரித்து ஓய்ந்தது. பிறகு அவள் சிரித்தாள். க்ளுக், மூச்சு, விக்கல்.

முடிந்ததும் திரை ஒரு கணம் கறுத்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு கிழவர் தெரிந்தார். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, தொடையில் மூன்றாவது தட்டுத் தட்டிவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஐயோ, நிஜமாகவே எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நீ சொன்னது சரிதாண்டி" என்று சொல்ல, பின்பக்கம் திரும்பினார். கதவு திறந்திருந்தது. உள்ளே படுக்கையில் புது விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.