இடது கைகளுக்கான பாட்டு

தடுப்பூசி முகாம் என்று அறிவித்த காலையில், மணல்துறை ஊராரின் இடது கைகள் தோளிலிருந்து கழன்று கடற்கரைக்குப் போய்விட்டன. கவிழ்த்துப் போட்ட வள்ளங்களின் மேல் வரிசையாகப் படுத்து வெயில் காய்ந்தன. வலது கைகள் மட்டும் ஊரில் தங்கின. வலை இழுக்க அவை வேண்டுமென்று ஊரார் ஊசிக்குத் தர மறுத்துவிட்டார்கள்.

ஜெசிந்தா கோயில் இளைஞர் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவள். அவளுடைய இடது கையும் போயிருந்தது. பேண்டின் பாடகன் ரீகன், தொண்டை அடைப்பான் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். போன முகாமில் முதலில் ஓடியது அவன் கைதான்.

நர்ஸ் பிரேமலதா காலையிலிருந்து ஒலிபெருக்கியில் அழைத்தும் ஒரு விரல்கூட அசையவில்லை.

"கைக்கு ஏது காது, சிஸ்டர்? தட்டித்தான் சொல்லணும்" என்றாள் ஜெசிந்தா.

பேண்டுப் பிள்ளைகள் கடற்கரைக்கு வந்தார்கள். அவள் டிரம்மை ஒரு வள்ளத்தோடு சாய்த்து வைத்து ஒற்றைக் கையால் அடித்தாள். மற்றவர்கள் வள்ளத்தின் பலகையில் வாயை ஒட்டிப் பாடினார்கள். மரம் அதிர்ந்தது. கைகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தன. ஒரு தடித்த கை, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காற்றைக் கிள்ளிக் காட்டியது.

"வலிக்குமான்னு கேக்குது" என்றாள் ஜெசிந்தா. "வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் வரலாம்னு பாடுங்க."

"ஏம்மா, ஓடிறப் போவுது!" என்றாள் கூடவே வந்திருந்த நர்ஸ்.

"பொய் சொன்னாத்தான் சிஸ்டர் ஓடும். அப்புறம் திரும்பி வராது."

பாடினார்கள். கைகள் ஓடவில்லை, இறங்கவும் இல்லை. ஜெசிந்தா ரீகனுக்குப் போன் போட்டு, போனைப் பலகையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி நர்ஸிடம் கொடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். திருவிழாவுக்குத் திருவிழா அந்த வள்ளங்களே கேட்டுப் பழகிய குரல். இப்போது அதில் காற்றுதான் இருந்தது. பாதி வரியில் இருமல் வந்தது. அவன் விட்ட இடத்திலிருந்து பிள்ளைகள் எடுத்துப் பாடினார்கள். ஜெசிந்தாவின் தாளம் தப்பவில்லை.

டிரம்மின் மறுபக்கத்தில் ஓர் அடி விழுந்தது. அவளுடைய இடது கை இறங்கி வந்திருந்தது.

அதன் பின்னால் மற்றவையும் இறங்கின. விரல்களால் மணலில் நடந்து, முகாம் நடந்த சமூகக்கூட வாசலில் வரிசை பிடித்து, ஊசி போட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்த் தோளில் ஏறிக்கொண்டன. ஊசி மருந்து வைத்திருந்த ஐஸ் பெட்டி காலியானது. சில நாளில் ரீகனும் வீடு திரும்பி, கஞ்சி குடித்தபடி மெதுவாக முனகத் தொடங்கினான்.

அடுத்த முகாமுக்குப் பக்கத்து ஊர்களின் இடது கைகள் தாமாகவே பஸ் ஏறி வந்தன. கரம், சிரம், புறம் நீட்டாதீர் என்று எழுதியிருந்ததால் ஒழுங்காக உள்ளே உட்கார்ந்திருந்தன. கண்டக்டர் அவற்றுக்கு அரை டிக்கெட் போட்டிருந்தார்.

"தலைங்க அடுத்த பஸ்ல வருதும்மா" என்றார் அவர். "பாட்டு கேக்கணுமாம்."

"வரட்டும்ணே" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா முன்வரிசை நாற்காலிகளின் மேல் தலையணை போடச் சொன்னாள்.