நான் படியேறிய வீடியோ

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே மாதத்தில் இடுப்பு எலும்பு முறிந்தது. அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அவளைப் பார்க்க ஓடிய அவசரத்தில் நான் ஆஸ்பத்திரிப் படியில் கால் தவறி விழுந்தேன். இரண்டு பேருக்கும் ஆபரேஷன் செய்தது ஒரே டாக்டர். பிறகு அவள் மகன் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனான். என் மகன் என்னை இந்த நடைப்பயிற்சி மையத்தில் தங்க வைத்தான்.

"நடந்து காட்டும்மா, அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பெற்ற பிள்ளை சொன்னால் நம்பாமல் இருப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிசியோ பெண் ஈவிரக்கமில்லாதவள். "வலிச்சா வலிக்கட்டும், காலைத் தூக்குங்க" என்பாள். கம்பியைப் பிடித்து, வாக்கரைப் பிடித்து, கடைசியில் கைத்தடியோடு படியும் ஏறிவிட்டேன். மகன் அதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

மறுநாள் புடவைகளைப் பையில் அடுக்கி, தலை வாரி உட்கார்ந்திருந்தேன். வந்தவன் பையைப் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"சித்தியப் பாரும்மா. வீட்ல ஆளாளுக்குத் தாங்கித் தாங்கி, இன்னும் படுக்கையிலயே கெடக்காங்க. இங்க இருக்கறதாலதான் நீ நடக்குற. வீட்டுக்கு வந்தா நீயும் படுத்துடுவ. இங்கயே இரும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது என் கதை.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டிலுக்கு ஸ்ட்ரெச்சரில் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் என் ஓரகத்தி! தடியை ஊன்றிக்கொண்டு ஓடினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணேன்? நீங்க படியேறுற வீடியோவ உங்க பையன் எல்லாருக்கும் அனுப்பிட்டான். 'பெரியம்மாவப் பாரு, நீயும் இருக்கியே'ன்னு என் பையன் தெனமும் அதையே போட்டுக் காட்டி, என்னையும் இங்க கொண்டாந்து தள்ளிட்டான்."

என்னை ஏமாற்றியது போதாதென்று, என் மகன் என் காலைக் காட்டியே இவளையும் வீட்டை விட்டுக் கிளப்பியிருக்கிறான்.

"உன் பையன் என்னடி சொல்லி விட்டுட்டுப் போனான்?"

"நடந்து காட்டினா அன்னிக்கே கூட்டிட்டுப் போறானாம்."

பிசியோ பெண் வரும் சத்தம் கேட்டது. ஓரகத்தியின் காதருகே குனிந்தேன்.

"நடந்துடாதடி. நடந்தா, இந்த எடம் உனக்கு ஒத்துக்கிச்சுன்னு இங்கயே விட்டுடுவான்."