தா என்றால் ஆமாம்

மகாராஜன் வாயிலிருந்து ஒரே ஒரு உண்மையைப் பிடுங்கிவிட வேண்டும், அதையும் ஊர் கூடியிருக்கும் இடத்தில் வைத்துப் பிடுங்க வேண்டும் என்று இசக்கிச்செல்வி கறுவிக்கொண்டிருந்தாள். கட்டிய பணம் திரும்பி வருமா வராதா என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். வந்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, அது வேறு. முதலில் அந்த ஆள் நாறவேண்டும்.

மகாராஜன் சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டு மருத்துவக் கல்வி மையம் நடத்துகிறவன். இங்கே தனியார் கல்லூரியில் டாக்டர் படிப்புக்குக் கோடி கேட்கிறார்கள் அல்லவா, அதையே வெளியே சில லட்சங்களில் முடித்துத் தருகிறேன் என்பது அவன் பிழைப்பு. பிழைப்பில் தப்பில்லை. அப்படிப் போய் ஒழுங்கான கல்லூரியில் படித்து, திரும்பி வந்து இங்கே பரீட்சை எழுதி, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நாடி பிடிக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்திலேயே உண்டு. ஆனால் மகாராஜன் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியது அந்த மாதிரிக் கல்லூரிக்கு இல்லை.

இசக்கிச்செல்வியை அவன் அனுப்பியது ரஷ்யன் பேசுகிற ஒரு சின்ன நாட்டுக்கு. பாடமெல்லாம் இங்கிலீஷ்தான், எழுதித் தரவா என்றான். முதல் வருஷம் இங்கிலீஷ் மாதிரி ஏதோ ஒன்று நடந்தது. அடுத்த வருஷத்திலிருந்து வாத்தியார் வாயைத் திறந்தால் ரஷ்யன். என்ன செய்வாள் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மொழியையும் படித்தாள். அதிலேயே காய்கறி வாங்கினாள், அதிலேயே நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள், ஹாஸ்டல் வார்டனோடு அதிலேயே சண்டையும் போட்டாள். நடுவில் சந்தேகம் வந்து போன் செய்தபோதெல்லாம், எல்லாம் பேசியாச்சு நீ படி என்று மகாராஜன் வாயை அடைத்தான். படிப்பை முடித்து வந்து இறங்கிய பிறகுதான், இங்கிலீஷில் நடத்தாத கல்லூரியின் பட்டம் இங்கே செல்லாது, பரீட்சைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது என்று கையை விரித்தார்கள். அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இங்கிலீஷில் நடத்துகிற கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே கட்டணம் கொஞ்சம் கூட, மகாராஜனுக்குக் கமிஷன் குறைவு. காரணம் அவ்வளவுதான். நல்லா இருப்பானா அவன்?

அவள் அப்பா சங்கரபாண்டிக்கு இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி விவசாயம். கரிசல் நிலத்தில் பாதியையும் கிடை ஆட்டையும் விற்றுத்தான் மகளை அனுப்பினார். நியாயம் கேட்க அவர் மாடியேறிப் போன அன்றைக்கு, மகாராஜன் அவரை மத்தியானம்வரை படிக்கட்டிலேயே உட்காரவைத்தான். பிறகு கூப்பிட்டு, புதுசாக வந்திருந்த பெற்றோர் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னான்.

“ஒம்ம மகளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறல வே. அங்கன போயி அவ படிக்கல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அவர் ஊர்க்காரர்கள். பஸ் ஊர் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. என் மக டாக்டரு என்று பஸ் நிறுத்தத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதையாவது இசக்கிச்செல்வி பொறுத்திருப்பாள். மறுநாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே அவர் கேட்டார்.

“நெசமாவே ஏறலையா மக்கா?”

கோட்டுப் போட்ட ஏஜென்ட் சொன்னதில் பாதியை அப்பா நம்பிவிட்டார். பெற்ற மகள் ஆயிரம் சத்தியம் செய்தாலும் அந்தப் பாதி இனிமேல் போகாது. போட்டவனே வந்து எடுத்தால்தான் போகும். எடுக்கவைக்கிறேன் என்று அந்தக் கஞ்சிக் கும்பாவைப் பார்த்துக்கொண்டே அவள் முடிவு செய்தாள்.

அடுத்த வாரம் அவள் மகாராஜனிடமே போய் வேலை கேட்டாள். குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அப்பா பேசியதை மனதில் வைக்காதீர்கள் அண்ணாச்சி என்று வேறு சொன்னாள், சொல்லும்போது நாக்கு கசந்தது. மகாராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே படித்த பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டோடு ஆபீசில் உட்கார்ந்திருந்தால், பயந்து வருகிற தாய்மார்கள் மடமடவென்று பணம் கட்டிவிடுவார்கள் அல்லவா? அன்றைக்கே கோட்டை எடுத்து மாட்டிவிட்டான். அவளும் அவன் சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர்கள் படியிறங்கும்போது பின்னாலேயே போய், அடுத்து மண்டபத்தில் பெரிய கூட்டம் போடுகிறார்கள், அங்கே சலுகை அறிவிப்பார்கள், அதுவரை ஒரு ரூபாய் கட்டாதீர்கள் என்று காதில் போட்டு அனுப்பினாள். சலுகை என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை அவளுக்குத் தெரியும். ஒருத்தரும் கட்டவில்லை.

மகாராஜன் விட்ட கதைகளில் பெரிய கதை, தானும் அங்கே ஆறு வருஷம் தங்கிப் படித்தவன் என்பது. ரஷ்யன் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்பான். ஆனால் கல்லூரியிலிருந்து போன் வந்தால் “தா, தா” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, வேலையிருக்கிற மாதிரி போனை அவளிடம் தள்ளிவிடுவான். ரஷ்யனில் தா என்றால் ஆமாம். அவனுக்கு அதைத் தவிர இன்னொரு சொல் தெரியாது என்பதை அவள் வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாள். ஆபீஸ் கூட்டுகிற பிச்சம்மாளுக்கு ரஷ்யன் தெரியாது. எந்நேரமும் தா தான்னு கேக்கத்தான் இந்த ஆளுக்குத் தெரியும், குடுக்கத் தெரியாது என்று விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே சொல்வாள்.

ஒருநாள் பெற்றோர் சிலர் உட்கார்ந்திருக்கும்போது இசக்கிச்செல்வி சோதித்துப் பார்த்தாள். உங்கள் மண்டைக்குள்ளே எருமை மேய்கிறதா என்று ரஷ்யனில், சிரித்த முகத்தோடு, மிக மரியாதையாகக் கேட்டாள். மகாராஜன் கம்பீரமாக “தா, தா” என்றான். பெற்றோர் அசந்துபோனார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் தனியாகச் சிரித்தாள். ஊர் திரும்பிய பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆடித்தபசுக்குக் கொடியேறிய மறுநாள், ராஜபாளையம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தான் மகாராஜன். திருவிழாவுக்கு வருகிற கூட்டம் இதற்கும் வரும் என்று கணக்கு. வந்தவர்களுக்குப் பிரியாணி போட நினைத்திருந்தான், கொடியேறிவிட்டதால் அதைக் காய்கறிப் பிரியாணியாக மாற்றவேண்டியதாகிவிட்டது என்று அவனுக்கு ஒரு வருத்தம். கூட்டத்துக்கு முன்னால் அவள் மெல்ல அவன் காதில் போட்டாள்.

“மேடையில நாம ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ரஷ்யன்ல பேசினா சனம் அசந்துரும் அண்ணாச்சி. சாப்பாடு, ஹாஸ்டல், பாதுகாப்பு, இதத்தான் கேப்பேன். நீங்க தா தான்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அவன் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். பிறகு, ஏட்டி நீ பெரிய ஆளுதான் என்று அவள் தோளில் தட்டினான். தட்டிய இடத்தை அவள் வீட்டுக்குப் போய்த்தான் கழுவினாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் கேட்பதற்காக வாசலிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சங்கரபாண்டியும் வந்திருந்தார். மகள் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் வந்தாரே தவிர, அந்த ஆள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று உள்ளே வர மறுத்துவிட்டார். பைக்குகள் நிறுத்துகிற இடத்தில், ஸ்பீக்கருக்குக் கீழே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

மகாராஜன் கோட்டும் டையும் போட்டு வேர்த்து ஊற்றிக்கொண்டே பேசினான். குறைந்த செலவு, நிறைந்த கல்வி என்றான். தான் படித்த ஆறு வருஷத்தைப் பற்றி, ஒரு வருஷத்துக்கு ஒரு கதை வீதம் அவிழ்த்துவிட்டான். பிறகு இசக்கிச்செல்வியை டாக்டரம்மா என்று அழைத்து மைக்கைக் கொடுத்தான். நானும் டைரக்டர் அண்ணாச்சியும் ரஷ்யனில் பேசப்போகிறோம், வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அத்தனை போனும் ஒருசேர மேலே வந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாளும் அந்தக் கோட்டைச் சுமந்தாள்.

நாலு கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, தெளிவாக, புன்னகையோடு கேட்டாள். மகாராஜன் ஒவ்வொன்றுக்கும் மைக்கைப் பிடித்து, வயிற்றிலிருந்து குரலெடுத்து “தா, தா” என்றான். கடைசிக் கேள்விக்குக் கையை வேறு உயர்த்தி ஆட்டினான். கூட்டம் கை தட்டியது. அவனும் தனக்குத்தானே தட்டிக்கொண்டான்.

கைதட்டல் அடங்கியதும் அவள் தமிழில் பேசினாள். “போன்ல மொழிபெயர்க்கிற வசதி இருக்குல்லா. அதுல ரஷ்யன்னு வச்சு, இப்ப எடுத்த வீடியோவ அதுக்கு முன்னால ஓட விடுங்க.”

முன்வரிசையில் விசைத்தறி வைத்திருக்கிற செல்வக்குமார், மகள் யோகலட்சுமியோடு உட்கார்ந்திருந்தார். முன்பணத்தோடு வந்திருந்தவர் அவர். அந்தப் பெண் அப்பா போனில் வீடியோவை ஓடவிட்டு, தன் போனை அதன் முன்னால் பிடித்தாள். இசக்கிச்செல்வி மேடையிலிருந்து இறங்கி, மைக்கை அதன் வாயருகில் வைத்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிக்கிற சுத்தத் தமிழில் பேச ஆரம்பித்தது.

“இந்தக் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் நடப்பதில்லை, சரியா? ஆம், ஆம்.”

மகாராஜனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

“இந்தப் பட்டம் இந்தியாவில் செல்லாது என்று தெரிந்தே எங்களை அனுப்பினீர்கள், சரியா? ஆம், ஆம். நீங்கள் அங்கே படிக்கவே இல்லை, நான் கேட்பது உங்களுக்குப் புரியவில்லை, சரியா? ஆம், ஆம்.”

அவன் மேடையிலிருந்து குதித்து வந்து மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். செல்வக்குமார் எழுந்து நடுவில் நின்றுகொண்டார். போன் யாருக்கும் பயப்படாமல் நாலாவதையும் சொல்லி முடித்தது.

“சங்கரபாண்டியின் மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று நீங்கள் அவரிடம் சொன்னது பொய், சரியா? ஆம், ஆம்.”

இந்தப் பெண் என்னென்னவோ சித்து வேலை செய்கிறாள், இவள் என்னிடம் கேட்டது வேறு என்று மகாராஜன் கத்தினான். அப்படியா என்று செல்வக்குமார் நிதானமாகத் திரும்பினார்.

“சரி வே. அந்தப் புள்ள கேட்டது என்னன்னு நீரே சொல்லும். ஆறு வருசம் படிச்சவருல்லா நீரு.”

மகாராஜன் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தான். ரஷ்யன் உள்ளே இருந்தால்தானே வெளியே வரும்? அதற்குள் பின்வரிசையில் இன்னும் பல போன்கள் அதே நாலு கேள்வியை முன்னும் பின்னுமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டன. மண்டபம் முழுக்க ஆம் ஆம் என்று ஒரே இரைச்சல். ஏற்கெனவே பிள்ளையை அங்கே அனுப்பிவிட்ட தகப்பன் ஒருவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் டையை எட்டிப் பிடித்தார். யாரோ வாசல் கதவைச் சாத்தினார்கள். போலீசுக்குச் சொல்லுங்க என்று ஒரு குரல், சொல்லியாச்சு என்று இன்னொரு குரல்.

அந்தக் களேபரத்திலும் மகாராஜன் அவளைத் தேடிப் பார்த்தான். “ஒன்னைய நம்பித்தானட்டி மேடையேத்துனேன்” என்றான், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

“நாங்களும் ஒங்கள நம்பித்தான் பிளேன் ஏறுனோம் அண்ணாச்சி” என்றாள் அவள்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேடைப் படியில் போட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். மனது குளுகுளுவென்றிருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவள் பட்டம் செல்லாதது செல்லாததுதான். நாளைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அதை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

சங்கரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அவரைச் சுற்றி, உள்ளே இடம் கிடைக்காத ஆட்கள் நின்றார்கள். அதில் இளையரசனேந்தல்காரர்களும் இருந்தார்கள், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வந்து நின்றதும் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முகத்தைத் திருப்பி அவளைப் பார்க்கவில்லை.

“கடைசியா ஒண்ணு சொல்லிச்சே, எம் பேரச் சொல்லி” என்றார்.

“ஆமாப்பா.”

“அத இன்னொரு தடவ போடச் சொல்லு மக்கா. சத்தமா.”

அவள் திரும்ப உள்ளே போனாள்.