சுவரைப் பார்த்த நாற்காலி

பல் மருத்துவமனைக்காக நான் வடிவமைத்த செயலியில், பதிவு செய்த தேதியை மாற்றும் வேலையை அக்கா நாற்பது விநாடியில் முடித்துவிட்டாள். சோதித்துப் பார்க்க நான் உட்கார வைத்தவர்களில் அவள்தான் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் யார் துணையுமில்லாமல் முடித்தால் நாளைக் காலையே அது மருத்துவமனைக்குப் போகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். பதினைந்து வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிவிட்டு, நாற்பது வயதில் புதுத் தொழில் படித்த எனக்கு இதுதான் முதல் செயலி. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சோதனைக்கு முக்கியமான விதி ஒன்றுதான். பக்கத்தில் உட்காரலாம், உதவக் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது பட்டினி கிடப்பதைவிடக் கொடுமை. ஐந்து தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அதற்கே ஒரு பதக்கம் தரலாம்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போனைப் பாக்கவே இல்லடி. உன் மூஞ்சியத்தான் பாத்தேன். விரல் சரியான இடத்துக்குப் போனா உன் புருவம் ஏறுது. தப்பா போனா மூச்சே நின்னுடுது. சின்ன வயசுல சீட்டாட்டத்துல தோத்ததும் இப்படித்தானே?"

முதல் நான்கு பேரும் அடிக்கடி என்னை நிமிர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. என் மேல் உள்ள பிரியம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வாசலில் காரோடு காத்திருந்த அத்தானை உள்ளே கூப்பிட்டு, தேதியை மாற்றச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். அக்காவுக்கும் எதையும் மறைக்கத் தெரியாத என் முகம்தான் என்பதால் அவளையும் பக்கத்தில் அப்படியே உட்கார வைத்தேன். பின்னால் அத்தான் தட்டினார், பெருமூச்சு விட்டார், மறுபடி தட்டினார். ஐந்து நிமிடம் ஓடியது.

"தேதிய மாத்தணும்னா தேதியத்தானே தொடணும்? தொட்டா சும்மா இருக்கே!"

மாற்றும் வழியை மூலையில் மூன்று புள்ளிகளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அழகாக இருக்குமென்று.

வெளியில் யாருக்கும் தெரியாது. பேசாமல் அனுப்பிவிடலாம். ஆனால் கன்னம் வீங்கித் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு என் புருவம் எங்கிருந்து கிடைக்கும்? மேலாளரை அழைத்து, ஐந்தும் செல்லாது, நாளைக்குத் தர முடியாது என்றேன்.

"மூஞ்சியப் பாத்தாங்களா?" என்றார். "இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷமாச்சும்மா. மருத்துவமனைக்கு நான் பேசிக்கறேன். புதுசா அஞ்சு பேரைப் பிடி."

வேலை கெட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அறைக்குத் திரும்பினேன். அத்தான் விடாப்பிடியாக அதே தேதியைத் தொட்டுக்கொண்டிருந்தார். யாரும் திரும்பச் சொல்லாததால் அக்கா இன்னும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.